பெடலுக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு விரல்

புரட்டாதி பிறந்தால் பாசிக்குடா கடற்கரையில் உல்லாசப் பயணிகளின் நடமாட்டம் குறையத் தொடங்கும். அதே நாட்களில் வட்டைகளில் பெரும்போக உழவுக்கு ஆயத்தம் நடக்கும். இந்த இடைவெளியில்தான் கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்துக் கராஜ்களில் உழவு மெசின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாடி வீட்டுக்கு மணல் அள்ளியதும் வயலுக்கு இறங்கப் போவதும் ஒரே தகரக் கொட்டகையின் கீழ் வந்து சேரும்.

நான் போன கராஜில் நின்றவற்றில் பாதி மஸி பெர்குசன். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் செய்யும் இந்த இயந்திரங்கள் மட்டக்களப்பு வயல்களுக்குப் புதியவை அல்ல. அவற்றின் உள்ளும் புறமும் கராஜின் மெக்கானிக் பாஸுக்கு மனப்பாடம். அன்று அவரைத் தரையில் படுக்க வைத்தது வேறொன்று. ஆளுயரம்கூட இல்லாத ஒரு சின்ன நாலு சில்லு மெசின். முன்னால் மணல் அள்ளும் வாளி. அந்த வாளி மெசினோடு வந்ததல்ல, பிறகு வாங்கிப் பூட்டியது.

“பிறேக் புடிக்கிது, ஆனா அடி மட்டும் போகுதில்ல” என்றார் ஓட்டுநர். பாஸ் பிறேக்கைக் கழற்றவில்லை. டோர்ச்சை வாங்கிக்கொண்டு மெசினுக்குக் கீழே போனவர், சற்று நேரத்தில் என்னையும் குனியச் சொன்னார். வாளிக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹைட்ரோலிக் ஹோஸ் கால் பலகைக்குக் கீழால், பிறேக் பெடலை ஒட்டிப் போகிறது. பெடலை மிதிக்கும்போது அதன் தண்டு ஹோஸின் முழங்கை மூட்டில் போய் இடிக்கிறது. இடித்த இடத்தில் றப்பர் தேய்ந்து, உள்ளே பின்னியிருக்கும் உருக்குக் கம்பி துருவோடு எட்டிப் பார்த்தது.

உழவு இயந்திரத்தில் பிறேக் பெடல் இரண்டு. வலச் சில்லுக்கு ஒன்று, இடச் சில்லுக்கு ஒன்று. சேற்றில் ஒன்றை மட்டும் மிதித்தால் மெசின் நின்ற இடத்திலேயே கிறுகும். வீதிக்கு ஏறினால் இரண்டையும் கொக்கியால் பிணைத்துவிட வேண்டும். பிணைத்த பிறகு ஒரு பெடல் தடைப்பட்டால் மற்றதும் பாதியில் நின்றுவிடும். பிணைக்காமல் போனாலோ, ஒரு சில்லு பிடித்து மறுசில்லு ஓடும். மெசின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பெட்டி நிறைய நெல் மூட்டையோடு ஓட்டமாவடிப் பாலத்தில் வருகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

உதவிக்கு நின்ற பொடியன் பெடல் தண்டைச் சூடாக்கிக் கொஞ்சம் வளைத்துவிடலாம் என்றான். பாஸ் தலையை ஆட்டினார். “பெடல வளைக்கிற வேல வேணாம் மனே. மறுகா மிதிக்கிற பலம் வேற பக்கம் போகும். விலக வேண்டியது ஹோஸ்தான், பெடல் இல்ல.”

எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. வாளி இல்லாமலும் மெசின் ஓடும். பிறேக் இல்லாமல் ஓடக்கூடாது. பிறகு பூட்டியது எதுவோ அதுதான் ஒதுங்க வேண்டும்.

வேலை தொடங்கியது. வாளியைத் தரையில் இறக்கி, எஞ்ஜினை நிறுத்தி, வாளியின் லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி உள்ளே தேங்கிய அமுக்கத்தை விட்டார். இந்த இடத்தில் அவர் காட்டிய கண்டிப்பை எழுதியே ஆகவேண்டும். ஓடும் மெசினில் ஹோஸ் கசிகிறதா என்று விரலால் தடவவே கூடாது. மட்டைத் துண்டைத்தான் பிடிக்க வேண்டும். நூறு பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் ஊசித் துளையால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் வலி பெரிதாகத் தெரியாது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும்.

பழைய தொண்ணூறு பாகை மூட்டுக்குப் பதிலாக நாற்பத்தைந்து பாகை மூட்டு வந்தது. புதிய ஹோஸை அளவோடு இழுத்துக் கட்டாமல் சிறிது தொய்வு விட்டார். அமுக்கம் ஏறும்போது ஹோஸ் நூற்றுக்கு நான்கு பங்கு வரை சுருங்கக்கூடும். தொய்வு இல்லாவிட்டால் மூட்டைப் பிடுங்கும். ஒரு ஸ்பானரால் ஹோஸின் நுனியைப் பிடித்து, மற்றதால் நட்டை இறுக்கினார். ஹோஸின் நீளத்துக்கு அச்சடித்த கோடு ஒன்று இருக்கிறது. அது நேராக ஓடினால் ஹோஸ் முறுகவில்லை. கொடிபோலச் சுற்றினால் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். அவர் ஒரு தரம் கழற்றினார்.

பிறகு பெடல் தண்டில் கிறீஸை உருட்டி ஒட்டினார். எஞ்ஜினை இயக்கி, வாளியை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஓரம் வரை திருப்பி, பெடலை அடி மட்டும் மிதிக்கச் சொன்னார். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கிறீஸில் ஒரு கீறல்கூட இல்லை. பெடலுக்கும் ஹோஸுக்கும் இடையில் அவருடைய சுட்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. கடைசியாக இரண்டு பெடலின் வெற்று அசைவையும் அடிமட்டம் வைத்து ஒரே அளவாக்கினார்.

எல்லோரும் இப்படி ஹோஸை மாற்றுவதில்லை. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. தேய்ந்த ஹோஸில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. கடலோரத்தில் இது இரட்டைக் கெடுதல்: டியூப்புக்குள் தங்கும் உப்பீரம் ஹோஸின் உள் கம்பியை அரிக்கும், அரிப்பது கண்ணுக்கும் தெரியாது.

இந்த வேலையை முறையாகச் செய்யத் தெரிந்த பாஸ்மார் பலரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அனுபவத்தால் கற்ற தொழிலை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழி இலங்கையில் உண்டு. அதற்கான மதிப்பீட்டாளர்கள் கராஜுக்கே வரவேண்டும். உழவுக் காலத்தில் கொட்டகையை மூடிவிட்டுப் பட்டினத்துக்குப் போக எந்தப் பாஸாலும் முடியாது.

மெசின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலுக்கு இறக்குமுன் வாளியைத் தரையில் வைத்து, எஞ்ஜினை நிறுத்தி, பிறேக் பெடலைக் கையால் அடி மட்டும் அழுத்திக் கீழே குனிந்து பாருங்கள். ஏதாவது ஹோஸ் தட்டினால் அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.