தோமையார் கேட்ட காயங்கள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், திருக்குடும்ப விழா. ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகக் குழந்தையை எடுத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றியதே அன்றைய திருப்பலியின் நற்செய்தி. காலை ஒன்பது மணியளவில், சாந்தோம் பேராலயத்தை அடுத்த குப்பங்களிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேற்கு நோக்கி ஓடினார்கள்.

காலை 6.28 மணிக்கே சுமத்திரா அருகில் கடலடி நிலம் அதிர்ந்திருந்தது. அலை சென்னையை அடைய இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனால் முன்கூட்டி எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. ‘சுனாமி’ என்ற சொல்லையே நம் மக்களுள் பெரும்பாலோர் அன்றுதான் கேள்விப்பட்டனர். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் குடிசைகள் இருந்த இடம் வெறும் மணலாயிற்று. சென்னையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். வேளாங்கண்ணியில் அன்னையின் பேராலயம் அப்படியே நின்றது. கடற்கரைக்குச் சென்றிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர்.

சாந்தோம் பேராலயத்துக்குள்ளும் நீர் புகவில்லை. ஓடிவந்தோருக்கு அதுவே அடைக்கலமாயிற்று. ஆலயத்தின் பின்புறம், கடலைப் பார்த்தபடி, தோமையார் நாட்டியதென மரபு கூறும் கம்பம் ஒன்று நிற்கிறது. கடல் அதைத் தாண்டாது என்பது நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லி வந்தது. சில நாள்களில் ஊரெங்கும் அதே பேச்சாயிற்று. செய்தித்தாள்களும் எழுதின. அக்கம்பத்தின் முன் கைகூப்பும் எளியோரின் பக்தியை நாம் ஒருபோதும் எள்ளியதில்லை, இப்போதும் எள்ளவில்லை.

எனினும், பங்கின் இளைஞர்களோடு அரிசியும் போர்வையும் கொண்டு சென்ற ஒரு மாலையில், மீன் விற்கும் தாய் ஒருவர் நம்மிடம் கேட்டதை மறக்க முடியவில்லை. மணலில் பந்து விளையாடச் சென்ற அவருடைய எட்டு வயது மகன் திரும்பவில்லை.

“சாமி வூட்டுக்குத் தண்ணி வரல. என் வூட்டுக்கு மட்டும் ஏன் வந்துச்சு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்கய்யா.”

கையிலிருந்த போர்வையை நீட்டினோம். அவர் அதை வாங்கிக்கொண்டார். கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

அன்றிரவு மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தோம். திருக்குடும்ப விழாவின் வாசகத்தில் நடுவே மூன்று வசனங்கள் விடப்பட்டுள்ளன. பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொல்லும் வசனங்கள் அவை. மாசில்லாக் குழந்தைகளுக்கென டிசம்பர் 28-இல் தனி விழா இருப்பதால், அன்று அவை வாசிக்கப்படும். வழிபாட்டு ஒழுங்கில் இதற்குக் காரணம் உண்டு என்பதை அறிவோம். ஆனால் சீனிவாசபுரத்துத் தாய் நின்றுகொண்டிருந்தது அந்த மூன்று வசனங்களுக்குள்தான். ஒரு பிள்ளை தப்பியது. அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பவில்லை. மத்தேயு இதை மறைக்கவில்லை, மழுப்பவுமில்லை. ஆறுதல் பெற மறுத்து அழும் ராகேலை அப்படியே அழவிட்டிருக்கிறார். அவளுக்கு விளக்கம் சொல்ல வானதூதர் எவரும் வரவில்லை.

நம்மவர் சிலரோ விளக்கம் சொல்ல விரைந்தார்கள். பாவத்தின் தண்டனை என்றார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளோ என்று கேட்டு, அல்ல என்று ஆண்டவரே மறுத்துவிட்டதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அதை மறந்துவிட்டுப் பேசுவதைவிட மௌனமாய் இருப்பது எவ்வளவோ மேல்.

பெத்லகேமில் தப்பிய அந்தப் பிள்ளை பின்னாளில் எருசலேமில் தப்பவில்லை. தப்ப முயலவும் இல்லை. தப்பாதவர்களின் வரிசையில் தாமும் போய் நின்றார். நம் நம்பிக்கைக்கு இதைவிட உறுதியான நிலம் எங்கும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. உயிர்த்தெழுந்த பின்னும் அவருடைய உடலில் ஆணித்தழும்புகள் இருந்தன. சாவை வென்றவர் ஒரு வடுவை நீக்கிக்கொள்ள இயலாதவரா? நீக்கவில்லை. நம் தோமையாரும் மகிமையின் ஒளியைக் காட்டும்படி கேட்கவில்லை, காயங்களைத்தான் கேட்டார். அவரை ஐயப்பேர்வழி என்று இகழ்ந்து மறையுரைகள் கேட்டுப் பழகிவிட்டோம். அவருடைய கல்லறையின் மேல் எழுந்த ஆலயத்தில் வழிபடும் நாமாவது அவரைச் சற்று மதிப்போடு நினைக்கலாம்.

2005-இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 27-இல் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை இரவு சுமத்திராக் கடலில் மீண்டும் பெரும் நிலநடுக்கம். இம்முறை எச்சரிக்கை எட்டியது. முந்தின நாள் அல்லேலூயா பாடியவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு இருட்டில் ஓடினர். அலை வரவில்லை. ஆயினும் விடியும் வரை கரைக்குத் திரும்பப் பலருக்கு மனம் துணியவில்லை. உயிர்ப்பைக் கொண்டாடியவர்களுக்கும் கால் நடுங்கத்தான் செய்தது.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 3. 1986-இல் இதே சாந்தோமுக்கு வந்து சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறந்த செய்தி விடியுமுன்பே வந்துவிட்டிருந்தது. ஆண்டுதோறும் அந்த ஞாயிற்றுக்குரிய நற்செய்தி, பூட்டிய அறைக்குள் தோமையார் காயங்களைக் கண்ட நிகழ்ச்சி. திருப்பலி முடிந்து வெளியே வருகையில், அந்த மீன்காரத் தாய் மகளோடு வாயிலருகே நின்றிருந்தார். நம்மை அடையாளம் கண்டுகொண்டு தாமே பேசினார்.

“தோமாவும் கேட்டாரு இல்லய்யா? சாமி கோவிச்சிக்கலையே.”

“இல்லம்மா” என்றோம்.

தலையை அசைத்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முந்தானையை மகளின் தலையில் போர்த்தி, அவளைக் கைப்பிடித்துக்கொண்டு பட்டினப்பாக்கத்தை நோக்கி நடந்தார்.