கிலோ கணக்கில் வாங்கக் கூடாத இரும்பு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் துவாக்குடியை நெருங்கினால் எங்கும் இரும்புதான். 1965-இல் உற்பத்தி தொடங்கிய பெல் கொதிகலன் ஆலையை நம்பி முளைத்த பட்டறைகள் இவை. ஆலையின் ஆர்டர் ஏறினால் இவற்றின் பிழைப்பும் ஏறும், இறங்கினால் இறங்கும். நான் போனது ஃபிளாஞ்ச் மட்டும் கடையும் ஒரு சின்னப் பட்டறை. குழாயையும் குழாயையும், குழாயையும் வால்வையும் கழற்றி மாட்டும்படி போல்ட் போட்டு இணைக்கிற கனத்த வட்டு அது. சர்க்கரை ஆலை, சாயப்பட்டறை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று எங்கே போனாலும் கண்ணில் படும். யாரும் நின்று பார்ப்பதில்லை.

“போன் பண்றவங்க முதல்ல கேக்கறது கிலோ என்ன ரேட்டுன்னுதான் சார். எந்த லைனுக்குன்னு நாங்க திருப்பிக் கேட்டா கோவம் வருது” என்றார் உரிமையாளர். அவர் கேட்பதுதான் சரியான கேள்வி.

ஃபிளாஞ்சில் அடித்திருக்கும் 150, 300 என்ற வகுப்பு எண்ணைப் பலர் அழுத்தம் என்றே நினைக்கிறார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி16.5 தரநூல் சொல்வது வேறு. ஏ105 கார்பன் எஃகில் செய்த 150 வகுப்பு ஃபிளாஞ்ச், 38 டிகிரி வரை 19.6 பார் தாங்கும். 200 டிகிரியில் 13.8 பார். 400 டிகிரிக்குப் போனால் வெறும் 6.5. இதை வைத்து ஒரு நீராவி லைனைப் பாருங்கள். 10 பார் அழுத்தத்தில் தெவிட்டிய நீராவி ஏறக்குறைய 184 டிகிரியில் இருக்கும். 150 வகுப்பே போதும். அதே 10 பார் நீராவியை 350 டிகிரிக்குச் சூடேற்றி அனுப்பினால் 150-இன் தாங்குதிறன் 8.4 பாராகச் சுருங்கிவிடும். 300-க்குத்தான் போக வேண்டும். அழுத்தமானி என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

பட்டறைக்குள் லேத் சத்தம் காதை அடைத்தது. வாசலோரம் ஃபோர்ஜிங் குவியல், கறுத்த செதிலோடு. பழுக்கக் காய்ச்சி அடித்த இரும்பில் இழையோட்டம் வடிவத்தை ஒட்டி வளைந்து போகும். மலிவாகக் கேட்பவர்களுக்குத் தகட்டை வட்டமாக வெட்டிக் கடைந்து தருகிற இடங்களும் உண்டு. தகட்டின் நடுவில் அடுக்குப் பிளவு இருந்தால் வெளியில் தெரியாது. தண்ணீர் லைனுக்கு அது ஓடலாம். நீராவிக்கு நான் வாங்க மாட்டேன். ஒவ்வொரு ஃபோர்ஜிங்கிலும் ஹீட் நம்பர் குத்தியிருக்கிறது. கடையும்போது அது அழிந்தால், சான்றிதழைப் பார்த்து மறுபடி குத்திய பிறகுதான் அடுத்த மேஜைக்குப் போகிறது. அந்த எண் இல்லாத ஃபிளாஞ்ச் எந்த உருக்கில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முகம் கடையும் மூத்த டர்னரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். கேஸ்கெட் உட்காரும் மேடு 150, 300 வகுப்புகளில் 1.6 மில்லிமீட்டர், 400-உம் அதற்கு மேலும் 6.4. அந்த மேட்டை அவர் கண்ணாடி போல வழவழப்பாக்குவதில்லை. இசைத்தட்டில் ஓடுகிற வரி போல மெல்லிய சுருள்கோடு விழும்படி டூலை நகர்த்துகிறார். கேஸ்கெட் அந்தக் கோடுகளுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டார். “வரியோட போற கீறலக் கூட விட்றலாம் தம்பி. உள்ளேர்ந்து வெளிய குறுக்க ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, அது வழியா ஆவி நடந்து வந்துரும்.” மறுமுனையில் வார்ப்பிரும்பு வால்வோ பம்போ தட்டை முகத்தோடு இருந்தால், ஃபிளாஞ்சும் தட்டை முகமாகத்தான் வேண்டும் என்றார். மேட்டு முகத்தை வைத்து முறுக்கினால் விளிம்பு வளையப் பார்க்கும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

துளைபோடும் மேஜையில் ஒரு பெரிய குழப்பத்தின் வேர் தெரிந்தது. நாலு அங்குலத்தில் 150-க்கும் எட்டு ஓட்டை, 300-க்கும் எட்டு ஓட்டை. ஆனால் ஓட்டைகள் அமரும் வட்டத்தின் விட்டம் ஒன்றில் 190.5 மில்லிமீட்டர், மற்றொன்றில் 200. பழைய ஆலைகளில் இன்னும் இருக்கும் டேபிள் ஈ ஃபிளாஞ்சுக்கும் எட்டுதான், வட்டம் 178. எண்ணிப் பார்த்து வாங்கிப் போகிறவர் தளத்தில் போல்ட்டோடு மல்லுக்கட்டுவார். அப்புறம் ஓட்டையை கேஸால் அகட்டுவார்கள். அதைவிடப் பாவம் வேறில்லை.

பக்கத்துக் கொட்டகையில் குழாயோடு பொருத்தும் வேலை. ஃபிட்டர் மேலிரண்டு ஓட்டைகளில் முளை செருகி, மேலே ரசமட்டம் வைத்தார். செங்குத்துக் கோட்டில் ஓட்டை வராமல், கோடு இரண்டு ஓட்டைக்கு நடுவே ஓட வேண்டும் என்பது குழாய் வேலையின் வழக்கம். அப்போதுதான் மறுமுனைக் கருவியோடு ஓட்டைகள் பொருந்தும். குழாய்மேல் நழுவி ஏறும் சிலிப் ஆன் வகைக்கு உள்ளும் வெளியும் பற்றவைக்க வேண்டும். பொருத்துவது சுலபம், விலையும் குறைவு. அதிர்வும் சூடும் ஏறி இறங்கும் லைனுக்கு வெல்ட் நெக்தான் என்பது ஃபிட்டரின் தீர்ப்பு. அதன் கழுத்து குழாயோடு நேர்கோட்டில் சேர்வதால் பாரம் ஒரே இடத்தில் குவிவதில்லை. முறுக்கும்போது எதிரெதிராக, மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கமாகவே முறுக்கினால் மாஸ்டர் போட்ட வரி அத்தனையும் வீண்.

கிளம்பும்போது உரிமையாளர் ஒரு ஆர்டரைக் காட்டினார். அளவு, வகுப்பு, உலோகம், முகம் எல்லாம் சரியாக இருந்தன. வெல்ட் நெக் என்றும் எழுதியிருந்தது. குழாயின் ஷெட்யூல் எண் மட்டும் இல்லை. குழாயின் கனம் தெரியாமல் கழுத்தின் உள்விட்டத்தைக் கடைய முடியாது, வேலை நின்றிருந்தது. வெல்ட் நெக் கேட்டு எழுதுபவர்கள் ஷெட்யூலையும் சேர்த்து எழுதுங்கள்.