தோல்விக்கு ஒரு விலை

பத்திரிகை ஒன்றில் இரவுப் பணியில் இருந்த காலத்தில், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட முடிவுகள் முழ நீளத்திற்கு வந்து சேரும். நமது வாசகர்களுக்குத் தேவை கிரிக்கெட். ஆகவே அவை நேரே குப்பைக் கூடைக்குள் விழும். கூடைப்பந்து கூடைக்குள் விழுவதுதானே முறை என்று உதவி ஆசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பின்னர், ஹூஸ்டன் நகரில் வசிக்கும் என் தங்கையின் மகன் மூலமாகவே அந்த முடிவுகளின் பின்னணியில் நடைபெறும் பேரங்களை அறியலானேன். ஆட்டத்தைவிட ஆட்ட அட்டவணை உருவாகும் விதமே என்னைப் பெரிதும் கவர்ந்தது.

அமெரிக்காவில் முதற்பிரிவில் மட்டும் 350க்கும் அதிகமான கல்லூரி அணிகள் உள்ளன. அவை 'கொன்பரன்ஸ்' எனப்படும் குழுமங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஓர் அணி பருவமொன்றில் ஆடும் ஏறத்தாழ 30 ஆட்டங்களில் பெரும்பகுதி குழுமத்திற்குள்ளேயே நடைபெறும். அவற்றின் அட்டவணையைக் குழுமமே வகுத்துக் கொடுத்துவிடும். நவம்பர், டிசெம்பர் மாதங்களில் வரும் எஞ்சிய பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்குத்தான் கல்லூரி தானே எதிராளியைத் தேட வேண்டும். உதவிப் பயிற்றுநர் ஒருவர் கோடைக்காலம் முழுவதும் தொலைபேசியும் கையுமாக அலைவார். பரீட்சை வாரம், மண்டபத்தில் இசை நிகழ்ச்சி, விமானச் செலவு என்று தடைகள் பல. திருமணத் தரகருக்குக்கூட இத்தனை தொல்லை இராது.

பணம் படைத்த கல்லூரிகள் தம் சொந்த மண்டபத்தில் எளிதாக வெல்ல விரும்புகின்றன. எனவே எளிய கல்லூரி ஒன்றை அழைத்து, ஆட்டமொன்றுக்கு 80,000 முதல் 100,000 டொலர் வரையில் வழங்குகின்றன. பதிலாட்டம் கிடையாது. தோற்பதற்குக் கூலி என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் இரு தரப்பும் எதிர்பார்ப்பது அதுவே.

ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களுக்கென உருவான கல்விக்கூடங்களில் ஒன்று. 2017-18 பருவத்தில் அதன் அணி முதல் 13 ஆட்டங்களையும் வெளியூர்களிலேயே ஆடியது. கொன்சாகா, கன்சாஸ், சிரகியூஸ் எனப் பெரும் பெயர்கள். பதின்மூன்றிலும் தோல்வி. புத்தாண்டு பிறக்கும் வரையில் சொந்த ஊரவர் தம் அணியைத் தம் மண்டபத்தில் பார்க்கவே இல்லை. ஆயினும் பயிற்றுநர் மைக் டேவிஸ் கணக்குத் தெரியாதவர் அல்லர். அத்தகைய சிறிய குழுமத்திலிருந்து, பருவ முடிவில் நடக்கும் குழுமப் போட்டியில் வெல்லும் அணியே தேசியப் போட்டிக்குச் செல்லும். முன்னைய தோல்விகள் அதனைத் தடுக்கமாட்டா. அவ்வணி குழுமத்தை வென்று, 15 வெற்றி, 19 தோல்வியுடன் தேசியப் போட்டிக்குள் நுழைந்து, அங்கும் தொடக்கச் சுற்று ஆட்டமொன்றில் வெற்றி பெற்றது.

சில வேளைகளில் கூலிக்கு வந்தவர் வீட்டுக்காரரையே வீழ்த்திவிடுவதும் உண்டு. 2019 நவம்பர் 12 அன்று, தரவரிசையில் முதலிடத்திலிருந்த கென்டக்கியை அதன் மண்டபத்திலேயே எவன்ஸ்வில் 67-64 என்று வென்றது. வென்ற அணியின் பயிற்றுநர் வோல்டர் மக்கார்ட்டி, முன்னர் கென்டக்கிக்காக ஆடியவர். கென்டக்கி தோல்வியையும் வாங்கி, காசோலையையும் கொடுத்தனுப்பியது. அதே மாதம் 26ஆம் திகதி, அப்போது முதலிடத்திலிருந்த டியூக்கிற்கும் ஸ்டீபன் எவ். ஒஸ்டின் கல்லூரியிடம் அதே கதி நேர்ந்தது. ஆனால் எவன்ஸ்வில்லின் கதை அத்துடன் முடியவில்லை. அப்பருவத்தில் தன் குழுமத்தினுள் ஆடிய 18 ஆட்டங்களிலும் அது தோற்றது.

எனக்குப் பரிவு ஏற்படுவது நடுத்தர அணிகள் மீதே. கடைநிலையில் இருப்பவருக்குக் கூலியாவது கிடைக்கும்; நடுவில் நிற்பவரை ஒருவரும் அழைப்பதில்லை. வென்றுவிடுவார்களோ என்ற அச்சம். 2018-19 பருவத்திலிருந்து 'நெட்' எனும் தரவரிசையே தேர்வுக் குழுவின் முதன்மை அளவுகோல். அதன்படி, சொந்த மண்ணில் முதல் 30 அணிகளில் ஒன்றையோ, பொது மண்டபத்தில் முதல் 50இல் ஒன்றையோ, எதிராளியின் மண்ணில் முதல் 75இல் ஒன்றையோ சந்திப்பது உயர்தர ஆட்டமாகக் கொள்ளப்படும். அத்தகைய ஆட்டமே கிடைக்காதவர் எதனைக் காட்டுவது? 2024 மார்ச்சில் 28 வெற்றி, 6 தோல்வியுடன், அத்தரவரிசையில் முப்பதுக்குள் நின்ற இந்தியானா ஸ்டேட் அணி 68 அணிகளுக்குள் சேர்க்கப்படவில்லை. உயர்தர ஆட்டங்கள் அதற்கு மொத்தம் ஐந்தே.

"தோற்கப் போவது தெரிந்தே பிள்ளைகளை அனுப்புவது சரியா, மாமா?" என்று மருமகன் ஒருமுறை கேட்டான். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். பெரும்பாலும் அது கல்லூரியின் விளையாட்டுத் துறைக் கணக்கில் சேர்ந்து, ஏனைய அணிகளின் பஸ் செலவையும் தாங்குகிறது. ஆகவே அனுப்புவதை நான் குறை கூறமாட்டேன். எனினும் அந்தப் பதின்மூன்று தோல்விகளையும் உடலால் சுமந்த டெக்சாஸ் சதர்ன் இளைஞர்களுக்கு, புலமைப்பரிசிலும் அதைச் சார்ந்த உதவிகளும் தவிர்ந்த சம்பளம் எதனையும் வழங்க அன்றைய விதிகள் இடமளிக்கவில்லை. 2021 ஜூலையில் வீரர்கள் தம் பெயரைக் கொண்டு சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். வழங்குவதற்குப் பணம் இருப்பதோ, பெரும்பாலும் காசோலை எழுதி எதிராளியை அழைக்கும் கல்லூரிகளிடந்தான்.