மறுமொழி வராத விண்ணப்பம்

சாம்பல் புதன்

பிரார்த்தனைக்கு மறுமொழி வரவில்லை என்று மனிதர் சொல்லும்போது, பெரும்பாலும் தாங்கள் கேட்ட காரியம் கைகூடவில்லை என்பதையே கருதுகிறார்கள். நான் எழுதிவைக்க நினைப்பது அதுவன்று. கேட்டது கிடையாமற் போனதை என் ஆயுளில் பலமுறை கண்டிருக்கிறேன்; அப்பொழுதெல்லாம், முழங்காலூன்றி எழும் வேளையில், நம் சொல் கேட்கப்பட்டது என்னும் ஒரு நிச்சயம், காரணம் காட்ட இயலாததாயினும் சந்தேகத்துக்கு இடமில்லாததாய், உள்ளத்தில் தங்கியிருக்கும். அந்த நிச்சயமே இப்பொழுது இல்லை. என் மனைவி முடக்குவாதத்தால் கட்டிலோடு ஒடுங்கிய காலந்தொட்டு, காலையிலும் மாலையிலும் நாங்கள் இருவரும் ஏறெடுக்கும் ஜெபம், வாயைவிட்டுப் புறப்பட்டு இந்த அறையின் சுவரைத் தாண்டிற்றா என்பதே தெரியாமல் முடிந்துவிடுகிறது.

விடியற்காலையில் அவளுடைய கைமூட்டுகள் வீங்கி இறுகிக் கிடக்கும். வெந்நீரில் கைகளை அமிழ்த்தி, விரல்களை ஒவ்வொன்றாய் நான் நீவிவிட்ட பிறகே அவை சற்று நெகிழும். அதற்குள் தெருவில் பால்காரரும் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். வேதப்புத்தகத்தின் மெல்லிய தாளை விரல்நுனியால் பிரிக்க அவளால் ஆகாது. மடங்கிய விரல்களின் புறத்தால் தாளை மெல்லத் தள்ளி, இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டால் திரும்பவும் பின்னுக்குத் தள்ளி, தான் தேடிய அதிகாரத்தை அடைகிறாள். உதவலாமென்று நான் கை நீட்டினால், "இருக்கட்டுங்க, இதையாவது நான் செய்றேன்" என்கிறாள். இன்று அவள் தேடி எடுத்தது யோபுவின் புத்தகம்.

லெந்தின் முதல் வாரம், வெள்ளி

ஜெபக்கூட்டத்தார் சிலர் மாலையில் வந்திருந்தார்கள். உபவாசத்தோடு பஸ் ஏறி வந்தவர்கள். அவர்கள் அன்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் நெடுநேரம் உரத்த குரலில் ஜெபித்து முடித்த பின், அவர்களுள் மூத்தவர், இவ்வீட்டில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதோ மறைந்திருப்பதாகவும், அதுவே சுகத்துக்குத் தடையாய் நிற்பதாகவும் சொன்னபோது, எனக்குள் எழுந்த கோபத்தை அடக்க நான் சன்னலருகே போய் நிற்க வேண்டியதாயிற்று. அவள் அவ்வளவு கலங்கவில்லை. "அண்ணாச்சி, அதையும் ஆண்டவர்கிட்டயே கேட்டாச்சு. என்ன பாவம்னு சொல்லும், அறிக்கை பண்றேன்னு எத்தனையோ ராத்திரி கேட்டேன். அவரு சொல்லலை. அவரு சொல்லாததை நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்றாள். அவர் பதில் பேசாமல் பைக்குள் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டார்.

விசுவாசத்தை வியாதியின் ஏற்ற இறக்கத்தால் அளக்கும் இந்த உபதேசம் நம் சபைகளுக்குள் எங்கிருந்து நுழைந்தது என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். அது செய்யும் தீங்கை மட்டும் அருகிலிருந்து பார்த்துவிட்டேன்: ஏற்கெனவே மௌனத்தால் வாடும் ஓர் ஆத்துமாவை நோக்கி, அந்த மௌனத்துக்கும் நீயே குற்றவாளி என்று அது சொல்கிறது.

லெந்தின் இரண்டாம் ஞாயிறு

கோயிலுக்கு நான் மட்டும் போய் வந்தேன். பிற்பகலில் யோபுவை விட்ட இடத்திலிருந்து வாசித்தோம்.

இத்தனை வருஷம் இப்புத்தகத்தை வாசித்தும், பிரசங்கங்களில் கேட்டும், இன்றுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் தேவனைப்பற்றி அதிகாரம் அதிகாரமாய்ப் பேசுகிறார்கள். அவருடைய நீதியை விளக்குகிறார்கள், மகத்துவத்தைப் புகழ்கிறார்கள், அவர் தண்டிக்கும் முறைமையை வகுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் தங்களுக்கு எதிரே சாம்பலில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதனுக்காக அவர்களில் ஒருவராவது அந்தத் தேவனை நோக்கி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் அவனோடு தரையில் இருந்தார்களே, அதுவே அவர்கள் செய்த நற்கிரியைகளுள் சிறந்தது. யோபுவோ, தர்க்கத்தின் நடுவே மீண்டும் மீண்டும் அவர்களை விட்டுத் திரும்பி, தேவனையே முன்னிலைப்படுத்தி, என்னை ஏன் இலக்காக வைத்தீர், உமது முகத்தை ஏன் மறைக்கிறீர் என்னும் கருத்துப்பட முறையிடுகிறான். பேச்சில் பணிவில்லை, சில இடங்கள் வாசிக்கவே அச்சமூட்டுவன. முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசத் தொடங்கும்போது, யோபு கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் அவர் விடை சொல்வதில்லை; ஆனால் முடிவில், தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவன் யோபுவே, நண்பர்களல்லர் என்று தீர்ப்புச் செய்கிறார்.

மறுமொழி வராத காலத்தில் விசுவாசம் எங்கே தங்கியிருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். உணர்ச்சியிலே தேடினேன், சமாதானத்திலே தேடினேன், ஞானமான விளக்கங்களிலே தேடினேன். அது முன்னிலையிலே தங்கியிருக்கிறது. அவரைப்பற்றிப் பேசுவதற்கு ஆயிரம் காரணம் கிடைக்கும்போதும், "நீர்" என்று அவரிடமே பேசுகிறவன், கோபத்தோடு பேசினாலும், இன்னும் விசுவாசிக்கிறான்.

மூன்றாம் வாரம், புதன்

டோனாவூருக்குப் போய்வந்த ஒரு பழைய மாணவர் வீட்டுக்கு வந்தார். பேச்சு, அங்கே பிள்ளைகளைத் தாயாயிருந்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப்பற்றிச் சென்றது. அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்த அந்த அம்மாள், சிறுபிள்ளையாயிருந்தபோது நீலக் கண்கள் வேண்டுமென்று ஜெபித்துப் படுத்து, காலையில் கண்ணாடியில் தன் பழுப்புக் கண்களையே கண்டாரென்பதும், மறுப்பும் ஒரு மறுமொழியே என்று அன்று கற்றாரென்பதும் ஞாயிறு பள்ளிக்கூடங்களில் நாமெல்லாரும் கேட்ட கதை. அழகான கதைதான். ஆனால் மறுப்பு என்று திட்டமாய்த் தெரிந்தால், அதை ஏற்றுக்கொண்டு ஆறுதலடைய வழியுண்டு. ஆம் என்றும் இல்லை என்றும் தெரியாமல் ஆண்டுக்கணக்காய் நிற்பவர்களுக்கு அந்தக் கதை எட்டுவதில்லை.

அவர்களை எட்டுவது அம்மையாருடைய பிற்காலமே. 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நாள் காலையில், தன் பிள்ளைகளுக்கு மேலும் உபயோகமாயிருக்கத் தன்னைத் தகுதிப்படுத்த எதைச் செய்தாலும் செய்யும் என்று ஜெபித்தவர், அன்று மாலையே களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றெண்ணினார்கள். டோனாவூர் முழுவதும் ஜெபித்தது. 1951ஆம் ஆண்டு ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், ஓர் அறைக்குள்ளேயே பெரும்பாலும் படுக்கையில் வாழ்ந்தார். வியாதியஸ்தருக்குச் சுகதேகிகள் எழுதும் ஆறுதல் நூல்கள் வலியுள்ள இடத்தைத் தொடவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு புத்தகம் எழுதி 1933இல் வெளியிட்டார். அந்தக் காரணத்தை மாணவர் சொன்னபோது என் மனைவி தலையணையிலிருந்து சற்று எழும்பி, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள்.

அந்தக் காலை ஜெபத்துக்கு அந்த விழுகையே விடை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். ஒரு தாயின் காலை முறிப்பதுதான் தேவனுடைய பாஷை என்று சொல்லுமுன், எலிப்பாசின் வாயைக் கர்த்தர் எப்படி அடைத்தார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் வாரம், திங்கள்

கல்கத்தாவின் அன்னை தெரேசா தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்கள், அவர் மரித்துப் பத்தாண்டு கழித்து, 2007இல் அச்சேறின. 1946இல் டார்ஜிலிங்குக்குப் போகும் ரயிலில் அவ்வளவு தெளிவாய் அழைப்பைக் கேட்டவர், ஏழைகளிடம் சென்ற பிறகு, 1958இல் கிடைத்த சில வார வெளிச்சம் நீங்கலாக, மீதி வாழ்நாள் முழுவதும் உள்ளத்தில் இருளையே அனுபவித்தார் என்பதை அவை காட்டின. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாய் வாழ்ந்தாரே என்று சிலர் அவரைக் குறை சொன்னதை நான் வாசித்திருக்கிறேன். அவர்கள் கடிதங்களின் வடிவத்தைக் கவனிக்கவில்லை. குருக்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவிலேயே அவர் இயேசுவை நோக்கித் திரும்பிவிடுகிறார். நீர் இல்லை போலிருக்கிறது என்பதையும் அவரிடமே சொல்கிறார். அதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. அவளுக்கு மருந்து கொடுக்கும் வேளை.

பெரிய வெள்ளி, இரவு

மும்மணி ஆராதனை முடிந்து திரும்பியதும், என் தகப்பனாருடைய பழைய பொது ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகுமுன், திருநெல்வேலி அத்தியட்சாதீனம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்திருந்த காலத்தின் ஒழுங்கு அது. பெரிய வெள்ளிக்கிழமை மாலைக்கு அதில் குறித்திருக்கும் சங்கீதங்களில் எண்பத்தெட்டாவதும் ஒன்று.

ஏமான் என்பவன் பேரால் வழங்கும் அந்தச் சங்கீதம் பதினெட்டு வசனமுள்ளது. மற்ற புலம்பல்களெல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் திரும்பி, துதியிலோ நம்பிக்கையிலோ கால்வைக்கும், இது திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிட்டேன் என்று தொடங்கி, அறிமுகமானவர்கள் அகன்றுபோக, இருளிலேயே முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பாட்டை வேதத்திலிருந்து நீக்கிவிட எவருக்கும் தோன்றவில்லை. இன்னும் மேலாக, ஆண்டவர் சிலுவையில் கைவிடப்பட்டவராய்க் கூப்பிட்ட நாளுக்கே சபை இதை ஒதுக்கிவைத்தது. சபையின் பிள்ளைகளில் சிலர் விடியாத இரவில் இருப்பார்கள் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் வாயில் வைக்கத்தக்க சொற்களையும், அச்சொற்களைத் தனிமையில் அல்ல, சபையாய்க் கூடிச் சொல்ல ஒரு நாளையும் அவர்கள் நியமித்திருக்கிறார்கள். ஆறுதல் சொல்வதாய் எண்ணி இத்தகைய வசனங்களைத் தாண்டிப்போகும் இக்காலத்து வழக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை.

நான் ஒரு வசனமும் அவள் ஒரு வசனமுமாய் மாறி மாறி வாசித்தோம். கடைசி வசனம் அவளுக்கு வந்தது. வாசித்துவிட்டு, "ஆமென்" என்றாள். நானும் சொன்னேன்.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அடுத்த செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து மகள் எழுதியிருக்கிறாள். "அப்பா, அம்மாவுக்குச் சுகம் வேண்டுமென்று இத்தனை காலம் கேட்டாயிற்று. இனிமேல் பொறுத்துக்கொள்ளப் பெலன் தாரும் என்று மட்டும் கேட்டால், உங்கள் இருவருக்கும் மனம் ஆறாதா?" என்று கேட்கிறாள். பரிவினால் கேட்ட கேள்வி. அலட்சியமாய் விடக்கூடாதென்று காலை முழுவதும் யோசித்து, இன்று பதில் எழுதினேன்.

பெலனையும் கேட்கிறோம், ஆனால் முதல் விண்ணப்பத்தைக் கைவிடப்போவதில்லை. கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்தாம். ஆயினும் பாத்திரம் நீங்கவேண்டும் என்ற விண்ணப்பத்தை அவர் இரண்டாந்தரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, கேட்கத்தக்க வேறொன்றாக அதை மாற்றிக்கொள்ளவுமில்லை. எதிர்பார்ப்பைச் சிறிதாக்கினால் ஏமாற்றமும் சிறிதாகும் என்பது உண்மையே. அப்படிச் செய்தால் நாங்கள் விரும்பாததை அவரிடம் கேட்டு, விரும்புவதை அவருக்கு மறைத்தவர்களாவோம். மௌனமாயிருக்கிறவரிடம் பொய் பேச எங்களுக்கு மனம் வரவில்லை, மகளே.

எழுதினதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. சுகம் சுகம்னு பொதுவா எழுதாதீங்க. நான் என்ன கேக்கேன்னு அவளுக்குத் தெரியட்டும்" என்று சொல்லி, கடிதத்தின் அடியில் தன் பேரால் சேர்க்கச் சொன்னாள்: மே மாத விடுமுறைக்குப் பேத்தி வரும்போது, எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டிவிட இரண்டு கையும் வேண்டும், அதற்காக நீயும் உன் வீட்டுக்காரரும் தினந்தோறும் ஜெபிக்கவேண்டும்.