ஸ்காட்-ஃப்ரீயில் ஸ்காட்லாந்து இல்லை

கட்டிலிருந்து தப்பிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏகப்பட்ட மரபுத்தொடர்கள். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கும். பரீட்சைக்கு அது போதும். பேசவும் எழுதவும் போதாது.

'த்ரோ ஆஃப் த யோக்' என்றால் நுகத்தடியை உதறுவது. 'கிக் ஓவர் த ட்ரேசஸ்'? இங்கே ட்ரேசஸ் என்பது தடயங்கள் அல்ல. குதிரையின் இரண்டு பக்கமும் ஓடி அதை வண்டியோடு இணைக்கிற வார். குதிரை அதைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டுவிட்டால் வண்டிக்காரர் பாடு அவ்வளவுதான்! இரண்டுமே வண்டி இழுக்கிற பிராணிகளின் சங்கதி. ஆனால் முதலாவதைச் சொல்பவர் மாட்டின் பக்கம் நிற்கிறார், இரண்டாவதைச் சொல்பவர் வண்டிக்காரர் பக்கம். அதனால்தான் விடுதலை பெற்ற நாட்டுக்கு முதலாவது, வீட்டுக்கு அடங்காத பிள்ளைக்கு இரண்டாவது. மாற்றிப் போட்டால் சுதந்திரம் வாங்கியவர்கள் அடங்காப்பிடாரிகள் ஆகிவிடுவார்கள் :)

'ஆஃப் த ஹுக்' தூண்டில் முள்ளிலிருந்து கழன்ற மீன். சிக்கலிலிருந்து விடுபட்டவரைச் சொல்வது. (டெலிபோனைப் பற்றிச் சொன்னால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது வேறு கதை.)

இருப்பதிலேயே சுவாரசியமானது 'ஸ்காட்-ஃப்ரீ'. ஸ்காட்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை ட்ரெட் ஸ்காட்டின் பெயரிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. 1857-ல் வந்த அந்தத் தீர்ப்பில் அவர் தோற்றுப்போனார். சொல்லோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 'ஸ்காட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் வரி. அதைக் கட்டாமல் விடுபட்டவர் ஸ்காட்-ஃப்ரீ. 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வருவதற்கு முன்பு இங்கிலாந்தின் சில ஊர்களில் 'ஸ்காட் அண்ட் லாட்' என்ற உள்ளூர் வரி கட்டியவர்களுக்குத்தான் பார்லிமெண்ட் தேர்தலில் ஓட்டு. வரியிலிருந்து தப்பித்தவருக்கு அங்கே ஓட்டும் தப்பிவிடும்!

இப்போது வரி போய், அந்த இடத்தில் தண்டனை உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் 'காட் ஆஃப் ஸ்காட்-ஃப்ரீ' என்றால், அவர் தப்பு செய்தார், ஆனால் தண்டனை கிடைக்கவில்லை என்று பொருள். கோர்ட் நிரபராதி என்று விட்ட ஒருவரைப் பற்றி இப்படி எழுதினால், தீர்ப்பு வந்த பிறகும் அவரைக் குற்றவாளி என்று சொல்வதாகிவிடும். தமிழில் 'விடுதலையானார்' என்பதற்கும் 'தப்பிவிட்டார்' என்பதற்கும் உள்ள தூரம் அது. எழுதியவருக்கு ஒரு அலங்காரம், அந்த மனிதருக்கோ அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிற பழி. அந்த இடத்தில் 'அக்விட்டட்' என்று எழுதலாம். கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பரவாயில்லை.