ஊசியும் நாமும்

எம்மை அறிந்தவர் எவரும் எம்மைக் கோழை என்று கூறத் துணியார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழையிரவில், வயோதிபத் தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டியவாறு, சனசமுத்திரத்தின் நடுவே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் நாம். கிணற்றடியிற் சுருண்டு கிடந்த புடையன் பாம்பைத் தனித்து நின்று அடித்தவரும் நாமே. அத்தகைய நாம், ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குகூடப் பருமனில்லாத ஓர் ஊசியின் முன்னே மூன்றாண்டு காலம் நடுங்கியிருந்த கதையை இங்கு எழுதப் புகுகின்றோம். வாசிப்போர் நகைக்கலாம், எமக்கு ஆட்சேபமில்லை.

இப்பயத்தின் வேர் 1960களில், எமது கிராமத்து மருந்துச்சாலையில் ஊன்றியது. அங்கே அப்போதிக்கரி ஐயா ஒரு கண்ணாடிச் சிறிஞ்சை வைத்திருந்தார். அடுப்பில் நீர் கொதிக்கும். அதற்குள் சிறிஞ்சும் ஊசியும் கிடந்து கிணுகிணுக்கும். வாங்கில் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறுவர்களாகிய நாம் அவ்வோசையைக் கேட்டே பாதி உயிரை விட்டுவிடுவோம். ஊசியோ இக்காலத்து ஊசியன்று. பலர் தோலைத் துளைத்து மழுங்கியபின் கல்லிலே தீட்டப்பெற்று மீண்டும் பணிக்கு வரும் ஊசி. அது எமது தோளில் இறங்கிய வேதனையைவிட, அதற்கு முன்னர் காத்திருந்த நேரமே இன்றளவும் நினைவில் நிற்கின்றது.

பின்னாளில் எமக்குச் சலரோகம் கண்டது. பன்னிரண்டு வருடம் குளிசைகளோடு காலந்தள்ளினோம். அதன்பின் ஒருநாள் டாக்டர், இனி இன்சுலின்தான் என்றார். "அதனையும் குளிசையாகத் தரலாகாதா?" என்று வினவினோம்.

"மாஸ்டர், இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால், நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட மீனைப் போல அதுவும் வயிற்றுக்குள்ளேயே செமிச்சுப் போகும்" என்றார் அவர். அத்தோடு நிறுத்தினாரில்லை. 1921இல் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்ற இருவர் இம்மருந்தைக் கண்டறிந்ததையும், 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கே அது முதன்முதல் ஏற்றப்பட்டதையும், அதற்கு முன்னர் அத்தகைய சிறுவர்களைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். "அந்தப் பொடியன் ஏற்றின ஊசிக்கு நீங்கள் பயப்பிடுறதோ?" என்றும் கேட்டார். நாம் பயந்தோம் என்பதே உண்மை.

ஆகவே மனைவியார் ஊசி போடக் கற்றுக்கொண்டார். காலையிற் பதினெட்டு அலகு, மாலையிற் பத்து அலகு. அவர் மருந்தை இழுக்கும்போதே நாம் சுவர்க் கலண்டரின்பால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கலண்டரில் இருந்த முருகப்பெருமானின் வேலைக்கூட அவ்வேளையில் எம்மாற் பார்க்க இயலாது!

இவ்வாறு மூன்றாண்டுகள் சென்றன. அம்மூன்றாண்டில் மனைவியார் ஓர் இரவேனும் வேற்றிடத்தில் தங்கியதில்லை என்பதை நாம் கவனிக்கவேயில்லை. வவுனியாவில் நடந்த பெறாமகளின் கலியாணத்திற்குச் சென்றவர், தாலி கட்டிய கையோடு பஸ்ஸேறி, பொழுது சாயுமுன் வீடு வந்து சேர்ந்தார். களைப்பு மிகுதியால் வந்துவிட்டார் என்றே எண்ணினோம்.

பின்னர் திருகோணமலையிலிருந்து செய்தி வந்தது. மனைவியாரின் தமக்கையார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியிற் கிடந்தார். பிள்ளைகள் யாவரும் கனடாவில். நாம் சாய்மனைக் கதிரையிற் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தோம். குசினிக்குள்ளிருந்து மனைவியாரின் குரல் தாழ்ந்து கேட்டது:

"நான் எப்பிடி அக்கா வாறது? இவருக்கு ஊசி ஆர் போடுறது?"

பள்ளிப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் பற்றி ஆண்டாண்டாகப் பாடஞ் சொன்ன எமக்கு, அதன்பின் பத்திரிகையில் ஓரெழுத்தும் ஓடவில்லை.

மறுநாளே எவருக்கும் கூறாமல் கிளினிக்குக்குச் சென்றோம். அங்கிருந்த தாதி எமது மகளினும் இளையவள். ஒரு தோடம்பழத்தையும், நீர் நிரப்பிய சிறிஞ்சையும் எமது கையிற் கொடுத்தாள். பழத்திற் குத்துவதில் எமக்கு யாதொரு தயக்கமும் இருக்கவில்லை. எமது வயிற்றைச் சுட்டிக்காட்டியவுடனேதான் கண் இருண்டது.

அந்த இருளுக்கும் காரணம் உண்டாம். ஊசிக்கு அஞ்சுவோர் சிலருக்கு இரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பின்னர் சடுதியாக விழுந்துவிடும், அதனாலேயே மயக்கம். சுவீடன் தேசத்து உளவியலாளர் ஓஸ்ட் என்பார் 1980களில் இதற்கொரு பயிற்சியை வகுத்தார் என்று டாக்டர் விளக்கினார். கைகால்களையும் உடம்பையும் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகம் சூடேறியதும் தளர்த்தி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். செய்தோம். தலைசுற்றல் நின்றது, ஆனால் கை அசைந்தபாடில்லை.

அப்பொழுதுதான் எமது பயத்தின் சுபாவம் எமக்கே விளங்கிற்று. பிறர் குத்தும்போது நாம் படுபவர் மாத்திரமே. தானே குத்திக்கொள்பவனோ கட்டளையிடுபவனாகவும் அதற்குக் கீழ்ப்படிபவனாகவும் ஒரே கணத்தில் இருக்கவேண்டியவன். நாம் அஞ்சியது நோவுக்கு அன்று, அந்தக் கட்டளைக்கே.

"ஐயா, ஊசியை வைச்சு மெல்ல மெல்ல அமத்தாதேங்கோ. அதுதான் நோகும். பேனையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சு, ஒரே எத்தனத்திலை உள்ளுக்கு விடுங்கோ" என்றாள் தாதி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஏற்றினால் மருந்து எரியும். துடைத்த ஸ்பிரிற்று உலருமுன் குத்தினாலும் எரியும். ஒரே இடத்திற் குத்தினால் தோலின் கீழ்க் கட்டிபட்டு மருந்து சரிவர உறிஞ்சப்படாது. கலங்கலான மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளிடையே உருட்டவேண்டும். (மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில், ஈரமணலிற் புதைத்த மண்முட்டிக்குள் இக்குப்பியை வைத்துக் காத்தவர்களை நாம் அறிவோம்.) இவ்வளவையும் கேட்டபின், தோலைக் கிள்ளிப் பிடித்தோம். ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். மூன்று என்பதை எண்ணாமலே கையை விட்டோம்.

ஊசி இறங்கவில்லை என்றே நினைத்தோம். குனிந்து பார்த்தால் முழுவதும் உள்ளே இருந்தது. "பத்து எண்ணிப்போட்டு எடுங்கோ" என்றாள் அவள். அந்தப் பத்தை நாம் உரத்த குரலில் எண்ணினோம் போலும். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மனைவியார் திருகோணமலைக்குப் பயணமானார். பதினொரு நாட்கள் அங்கே தங்கினார். தமக்கையாருக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, தாங்கியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கும்வரை கூட இருந்தார். இரவுதோறும் தொலைபேசியில், "போட்டாச்சோ? சாப்பிட்டாச்சோ?" என்ற இரு கேள்விகள் தவறாமல் வந்தன. இரண்டுக்கும் ஆம் என்றே விடையளித்தோம்.

திரும்பி வந்தவர் பயணப்பையை வைத்த கையோடு, பாவித்த ஊசிகளைப் போட்டுவைக்கும் பால்மாப் பேணியைத் திறந்தார். அவர் புறப்படுமுன் வெறுமையாக்கி வைத்த பேணி அது. ஒவ்வொரு சிறிஞ்சாக எண்ணினார்.

"இருபத்திரண்டுதானே இருக்கவேணும். இதிலை இருபத்துமூன்று கிடக்கு."

முதல்நாள் மாலை, யாருமற்ற வீட்டில், கை பாதி வழியில் நின்றுவிட்டதையும், சிறிஞ் நழுவி நிலத்தில் விழுந்ததையும், விளக்கு வைக்கும் நேரம்வரை கதிரையில் அப்படியே இருந்துவிட்டு இரண்டாவதை எடுத்ததையும் அப்போதுதான் கூறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேணியை மூடி வைத்துவிட்டுக் குரக்கன் பிட்டு அவிக்கச் சென்றார்.

மறுநாட் காலை, பழக்கதோஷத்தால் மருந்தை இழுத்துக்கொண்டு எம்மருகே வந்து நின்றார். சிறிஞ்சை வாங்குவதற்காக நாம் கையை நீட்டினோம்.