சொல்லாமல் விட்ட சொல்

‘நாய் நன்றியுள்ள பிராணி; அது நம் வீட்டைக் காக்கும்.’ ஆரம்பப் பள்ளியில் இப்படிக் கட்டுரை எழுதாதவர் நம்மில் யார்? ஐந்தாம் வகுப்பில் நானும் எழுதினேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் பெற்றேன். அதே ஆண்டு நாயைப் பற்றி இன்னொரு பாடமும் கற்றேன். அதை எந்த விடைத்தாளிலும் நான் எழுதியதில்லை. இன்று இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

என் அத்தை மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஒரே தெரு, ஒரே பள்ளி, இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள், களத்துமேட்டு வைக்கோற்போரின் அடியில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டோம். அவன் ஆசையோடு தூக்கினான். அது அவன் வலக்கைக் கட்டை விரலில் பல்லைப் பதித்தது. நான்கு சொட்டு இரத்தம் வந்திருக்கும். மண்ணை அள்ளி அப்பிக்கொண்டான்.

“வீட்ல சொல்லிடாதடா. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க. அப்பா வேற தோலை உரிச்சிடுவாரு” என்றான்.

அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இரண்டு நாள் கழித்து அந்தக் குட்டி செத்துக் கிடந்தது. அதையும் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. முதலில் அவனுக்குக் காய்ச்சல், தலைவலி. எப்போதோ ஆறிப்போன தழும்பில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தான். மூன்றாம் நாள் அத்தை டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். தாகத்தோடு வாங்கியவன், உதட்டருகே கொண்டு போனதும் தொண்டை இறுகித் துடித்தான். டம்ளர் உருண்டோடியது. மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் அதே துடிப்பு. ஏதோ பயந்திருக்கிறான் என்று வேப்பிலை அடித்தார்கள். இடையிடையே அவனுக்கு நல்ல தெளிவு வரும். அப்போதெல்லாம் அவன் என்னையே பார்த்தான்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு மூணு மாசத்துக்குள்ள நாய் ஏதாவது கடிச்சுதா?” என்பதுதான்.

“இல்லீங்களே” என்றார் மாமா.

கதவோரம் நின்றிருந்த என் வாய் அப்போதுதான் திறந்தது. டாக்டர் என் தலையில் கை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த மூன்று நாளில் என் அத்தை மகன் போய்விட்டான்.

அந்த மௌனத்தின் பொருள் கல்லூரிக்கு வந்து படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ரேபிஸ் என்னும் வெறிநோய் ஒரு வைரஸால் வருவது. நாயின் உமிழ்நீரிலிருந்து காயத்தின் வழியே புகும் அந்த வைரஸ், நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி நடக்கிறது. பெரும்பாலும் இந்தப் பயணத்துக்கு 2 அல்லது 3 மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் முடிவதும் உண்டு. ஓராண்டைக் கடப்பதும் உண்டு. மூளையை எட்டி அறிகுறி தோன்றிவிட்டாலோ, பிழைப்பது மிக மிக அரிது. எல்லாருக்கும் நீரைக் கண்டு நடுக்கம் வருவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடிபட்ட உறுப்பில் தொடங்கி வாதமாகப் பரவும்; அதை வேறு நோயென்று எண்ணி மயங்குவோரும் உண்டு.

அப்படியானால், நாங்கள் இரகசியம் காத்த அந்த இரண்டு மாதங்கள் எவை? அவனைக் காப்பாற்ற இயற்கை தந்திருந்த தவணை அல்லவா!

அவன் அஞ்சிய ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றில் போட்ட அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுக்குள் அது கைவிடப்பட்டது. நாங்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே ஒழிந்துபோன ஊசிக்கு அஞ்சி ஓர் உயிர் போயிற்று. அவன் எச்சில் பட்டிருக்கலாம் என்பதால் எங்கள் வீட்டில் அனைவருக்கும் தடுப்பூசி போட்டார்கள். புஜத்தில், எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக். அவ்வளவுதான். அதற்குப் போய் நான் கதறி அழுதேன், வலியினால் அல்ல.

நண்பர்களே! நாய் கடித்தாலும், பிறாண்டி இரத்தம் வந்தாலும், உடனே குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இறுகக் கட்டவும் வேண்டாம். நாய்க்கு என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களும் தடுப்பூசி உண்டு. ஒன்றையும் தவறவிடலாகாது. இரத்தம் வந்த கடியானால், காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அரசு மருத்துவமனைகளில் இவ்வூசி இலவசமாகவே போடப்படுகிறது. வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் தடுப்பூசி போட்டால் நோயின் வேரே அறும். நாயைக் கல்லால் அடித்துக் கொல்வது தீர்வாகாது.

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் பாரிஸ் நகரில் தம் தடுப்பு மருந்தைக் கொடுக்கச் செய்தார். சிறுவன் பிழைத்தான். அவனுடைய தாய் அவனை அழைத்துக்கொண்டு ஓடி வந்ததால் அல்லவா அது முடிந்தது? கடித்த செய்தி தாய்க்கே தெரியாதிருந்தால் பாஸ்டராலும் என்ன செய்திருக்க முடியும்?

இந்நோய்க்கு இரையாவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் எத்தனை பேர் அடிக்கு அஞ்சி வாய்மூடி இருந்தார்களோ! நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாவோம்; பெற்றோராவோம். ஒரு குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றால், “எதுக்குடா நாய்கிட்டப் போன?” என்று முதலில் கேட்காதீர்கள். “எங்கே, கையைக் காட்டு கண்ணு” என்று கேளுங்கள்.

என் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். என் அத்தை மகனைக் காப்பாற்றவில்லை.